கேமரா பழுது, இஎம்ஐ மட்டும் ஓடுது: வாரண்டியில நமக்கு வர வேண்டியதை வாங்குறது எப்படி?



போன வருஷம் ஒரு சனிக்கிழமை ராத்திரி என் சித்தி பையன் போன் பண்ணினான். சோழிங்கநல்லூர்ல ஐடி வேலை, சேர்ந்து மூணு வருஷம் ஆகுது. "அண்ணா, ஒரு முப்பதாயிரம் கைமாத்தா கிடைக்குமா? ரெண்டு மாசத்துல திருப்பித் தந்துடறேன்"னு கேட்டான்.

எதுக்குடான்னு கேட்டேன். ஏழு வாரத்துக்கு முன்னாடி ஆன்லைன்ல வாங்கின மிரர்லெஸ் கேமரா திடீர்னு ஆன் ஆகல. விலை 68,990 ரூபாய், 12 மாச நோ-காஸ்ட் இஎம்ஐ. சர்வீஸ் சென்டர்ல கொடுத்திருக்கான். "உள்ளே தண்ணி போயிருக்கு சார், வாரண்டி கிடையாது, 31,400 ரூபாய் ஆகும்"னு சொல்லிட்டாங்க. அடுத்த மாசம் திருக்கடையூர்ல அவங்க அப்பாவுக்கு அறுபதாம் கல்யாணம். அதைத் தன் கையால எடுக்கணும்னுதான் கேமராவே வாங்கினான். அதனால சண்டை எதுக்கு, காசைக் கட்டிட்டு வாங்கிடலாம்னு முடிவு பண்ணிட்டான்.

"நிஜமாவே தண்ணி போச்சா?"

"இல்லண்ணா. தூறல்லகூட வெளியே எடுத்ததில்ல."

"தண்ணி போயிருக்குன்னு எழுதிக் கொடுத்தாங்களா?"

"இல்லண்ணா, போன்லதான் சொன்னாங்க."

போன்ல சொன்ன ஒரு வார்த்தைக்கு 31,400 ரூபாய் கட்டப் போறான். எங்க தொழில்ல வவுச்சர் இல்லாத செலவைக் கணக்குல ஏத்த மாட்டோம். எதிர்ல இருக்கிறவர் எவ்வளவு நல்லவரா இருந்தாலும் சரி, தேதி போட்ட காகிதம் வேணும். வாரண்டி விஷயமும் அதே மாதிரிதான். கவுண்டர்ல குரலை உயர்த்தி ஜெயிச்சவங்களைவிட, தேதிவாரியா காகிதம் சேர்த்து வெச்சு ஜெயிச்சவங்கதான் அதிகம்னு என் அனுபவத்துல சொல்வேன். இந்தக் கட்டுரை முழுக்க அந்தக் காகிதத்தை எப்படிச் சேர்க்கறதுன்னுதான். கேமராவை வெச்சுச் சொல்றேன், ஆனா லேப்டாப், போன், ஏசி எல்லாத்துக்கும் இதே வழிதான்.

முதல் வாரத்துலயே சோதிச்சுப் பாருங்க

புதுக் கேமரா வந்ததும் நாம என்ன பண்றோம்? வீட்டுப் பூனையை நாலு போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் போடுறோம். அப்புறம் ஏதாவது விசேஷம் வர்ற வரைக்கும் கேமரா பையிலேயே தூங்குது. ஆன்லைன் தளங்கள்ல ரீப்ளேஸ்மென்ட் கேட்கிற காலம் பெரும்பாலும் ஒரு வாரம், பத்து நாள்தான். அது முடிஞ்சா புதுசா மாத்தி வாங்குற எளிதான வழி அடைஞ்சு போகும். அதனால முதல் வாரத்துலயே ஒரு மணி நேரம் ஒதுக்கி இதைப் பண்ணுங்க.

பெட்டியைப் பிரிக்கும்போது சீல் உடைக்கிறதுல இருந்து வெட்டாம வீடியோ எடுங்க. பெட்டி மேல இருக்கிற சீரியல் நம்பர், கேமராவுக்கு அடியில இருக்கிறது, பில்லுல இருக்கிறது மூணும் ஒண்ணான்னு பாருங்க.

லென்ஸ் துளையை எஃப் 16 அளவுக்குச் சுருக்கி, வெள்ளைச் சுவரையோ வெறும் வானத்தையோ எடுங்க. எல்லாப் படத்துலயும் ஒரே இடத்துல மங்கலான கரும்புள்ளி இருந்தா சென்சார் மேல தூசியோ எண்ணெய்த் துளியோ இருக்கு. அடுத்து, லென்ஸ் மூடியைப் போட்டுட்டு சில நொடி எக்ஸ்போஷர் கொடுத்து எடுங்க. கருப்புல பளிச்சுன்னு சிவப்பு, பச்சைப் புள்ளிகள் ஒரே இடத்துல திரும்பத் திரும்ப வந்தா அது ஹாட் பிக்சல். நிறைய கேமராக்கள்ல இதைச் சரிசெய்ய பிக்சல் மேப்பிங்னு ஒரு வசதி மெனுவுலயே இருக்கும். அதைப் பண்ணியும் போகலைன்னா புகார் கொடுக்கலாம்.

ஆட்டோ ஃபோகஸ், ஃபிளாஷ் பொருத்துற இடம், மெமரி கார்டு ஸ்லாட், சார்ஜிங் போர்ட், டச் ஸ்கிரீன் எல்லாத்தையும் ஒருமுறை பாருங்க. கடைசியா அரை மணி நேரம் தொடர்ந்து வீடியோ ஓட விடுங்க. சூட்டுல வர்ற கோளாறு அப்போதான் தெரியும்.

ஒரு முக்கியமான விஷயம். நாள்பட சேர்ற தூசியையும், லென்ஸ் உள்ளே பிடிக்கிற பூஞ்சையையும் பெரும்பாலான வாரண்டி ஏத்துக்காது. சென்னை மாதிரி கடலோர ஊர்ல கேமராவை பீரோவுல துணிக்கு நடுவுல வெச்சா பூஞ்சை நிச்சயம் வரும். மூடி இறுக்கமா இருக்கிற ஒரு பிளாஸ்டிக் டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல், இது போதும். சில நூறு ரூபாய் செலவுல பெரிய ரிப்பேர் தப்பும்.

பில்லுல யார் பேர் இருக்கு?

இந்தக் கேமராவை வாங்கும்போது தம்பி என்கிட்ட ஒண்ணு கேட்டான். "அண்ணா, பில்லுல உங்க ஜிஎஸ்டி நம்பர் போட்டுக்கட்டுமா? டேக்ஸ் உங்களுக்குத் திரும்ப வரும்ல, அதை எனக்குக் கொடுத்துடுங்க." 68,990 ரூபாய்ல 18 சதவீத ஜிஎஸ்டி சுமார் 10,500 ரூபாய். நான் முடியாதுன்னுட்டேன். ரெண்டு வாரம் சரியா பேசல அவன்.

நான் மறுத்ததுக்கு முதல் காரணம் சட்டம். சொந்த உபயோகத்துக்கு வாங்கின பொருளுக்கு இன்புட் கிரெடிட் எடுக்கக் கூடாது. ரெண்டாவது காரணம்தான் இங்க முக்கியம். என் பேர்ல, என் ஜிஎஸ்டி நம்பர்ல பில் வந்தா, காகிதத்துல கேமராவை வாங்கினது நான், அதுவும் தொழிலுக்காக. நாளைக்குப் பழுதுன்னு தம்பி போய் நின்னா, "நீங்க யாரு?"ன்னுதான் முதல் கேள்வி வரும்.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன்படி, மறு விற்பனைக்கோ வணிக நோக்கத்துக்கோ வாங்கினவர் நுகர்வோர் இல்லை. சுயதொழில் செஞ்சு பிழைக்கிறதுக்காகவே வாங்கினவருக்கு மட்டும் விலக்கு உண்டு. அதாவது, கேமராவே பிழைப்புன்னு இருக்கிற கல்யாண போட்டோகிராஃபர் நுகர்வோர்தான். ஆனா மாசச் சம்பளம் வாங்கிக்கிட்டே வார இறுதியில காசுக்கு போட்டோ எடுக்கிறவர் கொஞ்சம் கவனமா இருக்கணும். வருமான வரிக் கணக்குல இதே கேமராவைத் தொழில் சொத்துன்னு காட்டி தேய்மானம் எடுத்திருந்தா, எதிர்த்தரப்பு அதைக் கையில எடுக்க வாய்ப்பு இருக்கு.

அடுத்தது, பெட்டி மேல ஒட்டியிருக்கிற ஸ்டிக்கர். முறைப்படி இறக்குமதியான பொருள்ல இறக்குமதியாளர் பேர், முகவரி, எம்ஆர்பி எல்லாம் அச்சிட்டிருக்கணும். "இம்போர்ட்டட் பீஸ் சார், பத்தாயிரம் கம்மி"ன்னு பில் இல்லாம விக்கிற கேமராக்கள்ல பெரும்பாலும் இது இருக்காது. கேமரா பாடிக்கான வாரண்டி பெரும்பாலும் நாட்டுக்கு நாடு தனி. துபாய்ல இருந்து மாமா வாங்கிட்டு வந்த கேமராவுக்கு இங்க இலவச சர்வீஸ் கிடைக்கும்னு நினைச்சுக்காதீங்க. வாங்குறதுக்கு முன்னாடியே வாரண்டி கார்டைப் படிச்சுடுங்க.

மூணு கடிகாரம் ஓடிக்கிட்டு இருக்கு

பொருள் கைக்கு வந்ததுல இருந்து கணக்கு பாருங்க.

முதல் கடிகாரம், விற்ற தளமோ கடையோ கொடுக்கிற ரிட்டர்ன் காலம். "விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது"ன்னு பில்லுல அச்சடிச்சிருந்தாலும் பயப்படாதீங்க. பழுதான பொருளைத் திரும்ப எடுத்துப் பணம் தர மறுக்கிறது, 2019 சட்டத்துல முறையற்ற வணிக நடைமுறை. பில்லுல எந்தக் காலமும் குறிப்பிடலைன்னா 30 நாள்னு சட்டமே சொல்லுது. ஆன்லைன் விற்பனைக்கு 2020-ல தனி விதிகளும் வந்திருக்கு. அதன்படி குறைதீர் அதிகாரி உங்க புகார் கிடைச்சதை 48 மணி நேரத்துக்குள்ள ஒப்புக்கணும், ஒரு மாசத்துக்குள்ள தீர்வு சொல்லணும்.

ரெண்டாவது கடிகாரம், கம்பெனி வாரண்டி. ஒரு வருஷமா, ரெண்டு வருஷமான்னு மாடலுக்கு மாடல் மாறும். சில கம்பெனிகள் ஆன்லைன்ல பதிவு பண்ணினா கூடுதல் காலம் தருவாங்க. அந்தப் பதிவுக்கும் ஒரு கடைசித் தேதி இருக்கும். பதிவு பண்ணினதும் வர்ற மெயிலைத் தனி ஃபோல்டர்ல போட்டு வையுங்க.

மூணாவது கடிகாரம் சட்டத்தோடது. பிரச்சினைக்கான காரணம் எழுந்த நாள்ல இருந்து ரெண்டு வருஷத்துக்குள்ள நுகர்வோர் ஆணையத்துல புகார் கொடுக்கணும். தாமதத்துக்குத் தக்க காரணம் காட்டினா ஆணையம் ஏத்துக்கலாம். ஆனா அதை நம்பி இருக்காதீங்க.

சர்வீஸ் சென்டர்ல என்ன பண்ணணும்?

கேமராவை நீட்டிட்டு டோக்கன் வாங்கிட்டு வந்துடாதீங்க. ஜாப் ஷீட் உங்க கைக்கு வரணும். அதுல சீரியல் நம்பர், கொடுத்த தேதி, நீங்க சொன்ன பிரச்சினை, கேமராவோட வெளி நிலைமை, வாரண்டி இருக்கா இல்லையா, கூட என்னென்ன கொடுத்தீங்க, இத்தனையும் இருக்கணும். "வேலை செய்யல"ன்னு மொட்டையா எழுதினா ஒத்துக்காதீங்க. "ஜனவரி 12-ல இருந்து ஆன் ஆகவில்லை, முழு சார்ஜ் உள்ள பேட்டரி போட்டும் அதே நிலை"ன்னு எழுதச் சொல்லுங்க. வெளியே கீறல், ஈரம், அடி எதுவும் இல்லைன்னா அதையும் எழுதச் சொல்லுங்க.

கொடுக்கிறதுக்கு முன்னாடி அங்கேயே நாலு பக்கமும் போட்டோ எடுங்க. பேட்டரி மூடி, கார்டு மூடி ரெண்டையும் திறந்து உள்ளேயும் எடுங்க. மெமரி கார்டையும் ஸ்டிராப்பையும் கழட்டி வெச்சுக்கங்க.

தம்பிக்கு இதெல்லாம் அப்போ தெரியாது. ஆனா குடும்ப வாட்ஸ்அப் குரூப்ல "கேமராவை ஆஸ்பத்திரியில அட்மிட் பண்ணியாச்சு"ன்னு கவுண்டர்ல வெச்சு ரெண்டு போட்டோ போட்டிருந்தான். அதுல ஒண்ணுல பேட்டரி மூடி திறந்திருந்தது, உள்ளே துரு, கறை எதுவும் இல்லை. ஜாப் ஷீட்லயும் வெளி நிலைமைக்கு நேரா "நல்ல நிலை"ன்னு எழுதியிருந்தாங்க. சும்மா தமாஷுக்குப் போட்ட போட்டோ, எங்களுக்குப் பெரிய சாட்சியா ஆச்சு.

"தண்ணி போயிருக்கு", "கீழே விழுந்திருக்கு", "வெளியாள் திறந்திருக்காங்க". வாரண்டியை மறுக்கும்போது அடிக்கடி காதுல விழற மூணு காரணம் இதுதான். இவை சில சமயம் உண்மையாவும் இருக்கும். அதனால கோபப்படாதீங்க. ரெண்டு விஷயம் மட்டும் கேளுங்க: எந்தப் பாகத்துல, என்ன சேதம்னு எழுத்துல வேணும். சீரியல் நம்பர் தெரியற மாதிரி அந்தப் பாகத்தோட போட்டோ வேணும். உண்மையிலேயே தண்ணி போயிருந்தா போட்டோ வந்துடும், நீங்களும் ஏத்துக்கிட்டு அடுத்த வேலையைப் பார்க்கலாம்.

இன்னொண்ணு. தகராறு ஓடிக்கிட்டு இருக்கும்போது, "தெரிஞ்ச கடை ஒண்ணு இருக்கு, ஆயிரம் ரூபாய்ல பார்த்துடலாம்"னு யாராவது சொன்னா கொடுத்துடாதீங்க. வெளியே ஒரு ஸ்க்ரூ கழண்டாலும் உங்க கேஸ் பலவீனமாகிடும்.

அந்த மெயில்

போன்ல பேசுங்க, தப்பில்ல. ஆனா பேசி முடிச்ச அரை மணி நேரத்துல, பேசினதை மெயிலா அனுப்பிடுங்க. "இன்று காலை 11 மணிக்கு உங்கள் ஊழியர் என்னிடம் இப்படிச் சொன்னார்"னு ஒரு வரி போதும். மறுப்பு வரலைன்னா அதுவும் ஒரு பதிவுதான்.

முதல் புகார் மெயில் இந்த மாதிரி இருக்கலாம்:

"இந்த மாடல் கேமராவை, இந்த சீரியல் நம்பர், இந்தத் தேதியில், இந்த பில் எண்ணில் 68,990 ரூபாய்க்கு வாங்கினேன். வாரண்டி இந்தத் தேதி வரை உள்ளது. வாங்கிய 49-வது நாள் கேமரா ஆன் ஆகவில்லை. ஜாப் ஷீட் இணைத்துள்ளேன். அதில் கேமராவின் வெளி நிலை நன்றாக இருப்பதாக உங்கள் ஊழியரே பதிவு செய்துள்ளார். உள்ளே தண்ணீர் சென்றுள்ளதாகத் தொலைபேசியில் தெரிவித்தீர்கள். நான் அதை ஏற்கவில்லை. எந்தப் பாகத்தில் சேதம் என்ற எழுத்துப்பூர்வ அறிக்கையும் புகைப்படமும் 7 நாட்களுக்குள் அனுப்பவும். இல்லையெனில் வாரண்டியின் கீழ் இலவசமாகச் சரிசெய்து தரவும். அதுவரை எஸ்டிமேட்டுக்கு நான் சம்மதிக்கவில்லை."

இவ்வளவுதான். "உங்க கம்பெனியை நாறடிச்சுடுவேன்" மாதிரி வரி ஒண்ணும் வேண்டாம். இந்த மெயிலை ஒருநாள் ஒரு ஆணையத் தலைவர் படிப்பார்னு நினைச்சு எழுதுங்க. பில், ஜாப் ஷீட், போட்டோ மூணையும் இணைங்க. விற்பனையாளருக்கும் தளத்துக்கும் காப்பி போடுங்க. கம்பெனி விற்பனையாளரைக் கைகாட்டும், அவர் கம்பெனியைக் கைகாட்டுவார். ஒரே மெயில்ல எல்லாரும் இருந்தா இந்த விளையாட்டு சீக்கிரம் முடியும்.

ரிப்பேரா, ரீப்ளேஸ்மென்டா, ரீஃபண்டா?

"புதுசு கொடு இல்லைன்னா பணத்தைக் கொடு"ன்னு எல்லாருக்கும் தோணும். ஆனா நியாயமா என்ன கேட்கலாம்னு ஒரு கணக்கு இருக்கு.

ரிட்டர்ன் காலத்துக்குள்ள பழுதுன்னா ரீப்ளேஸ்மென்டோ ரீஃபண்டோ கேளுங்க, ரிப்பேருக்கு ஒத்துக்காதீங்க. அந்தக் காலம் தாண்டி முதல் தடவையா பழுதாச்சுன்னா, வாரண்டி கார்டு பெரும்பாலும் இலவச ரிப்பேரைத்தான் சொல்லும். சரிபண்ணக் கூடிய கோளாறுன்னா அதுவே போதும்னு ஆணையமும் நினைக்கலாம். அதே கோளாறு ரிப்பேருக்கு அப்புறம் திரும்ப வந்தா கதை மாறும். அப்போ அது தயாரிப்புக் குறைன்னு சொல்ல உங்ககிட்ட ஆதாரம் இருக்கு. அதனாலதான் ஒவ்வொரு தடவையும் தனி ஜாப் ஷீட் வாங்கணும்னு சொல்றேன். "சும்மா சாஃப்ட்வேர் அப்டேட் பண்ணிக் கொடுத்துட்டோம் சார், ஷீட் வேண்டாம்"னு சொன்னா விடாதீங்க.

எந்தப் பாகம் மாத்தினாங்கன்னு திரும்பி வர்ற ஷீட்ல இருக்கணும். கணக்குப் பார்வையில இன்னொண்ணும் சொல்லணும். மாத்திக் கொடுக்கிறது புதுப் பெட்டியா, புதுப்பிச்ச பழைய கேமராவான்னு எழுத்துல கேட்டுக்கங்க. வாரண்டி பழைய தேதியில இருந்தா, புதுசாவான்னும் கேளுங்க.

ஒத்துவரலைன்னா அடுத்த படி

முதல்ல 1915. இது தேசிய நுகர்வோர் உதவி எண். போன்லயும் இணையதளத்துலயும் புகார் பதியலாம், கட்டணம் இல்லை. அவங்க கம்பெனிக்கு அனுப்பிப் பதில் கேட்பாங்க. இது கோர்ட் கிடையாது, கட்டாயப்படுத்த முடியாது. ஆனாலும் கவுண்டர்ல நின்னு போன உங்க புகாரைக் கம்பெனியில மேல இருக்கிற ஒருத்தர் பார்க்க இது நல்ல வழி.

அதுவும் பலிக்கலைன்னா ஒரு நோட்டீஸ். வக்கீல் மூலமாவும் அனுப்பலாம், நீங்களே ஸ்பீட் போஸ்ட்லயும் அனுப்பலாம். சட்டப்படி கட்டாயம் இல்லை. ஆனா 15 நாள் அவகாசம் கொடுத்துக் கேட்டும் தரலைன்னு காட்ட உதவும்.

கடைசியா மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். நிறைய பேர் இதை நினைச்சாலே பயப்படறாங்க. விஷயங்களைச் சொல்றேன், நீங்களே முடிவு பண்ணுங்க. நீங்க கொடுத்த விலை 50 லட்சம் வரைக்கும்னா மாவட்ட ஆணையம்தான். 5 லட்சம் வரை புகார்க் கட்டணமே கிடையாது. கம்பெனி எந்த ஊர்ல இருந்தாலும், நீங்க குடியிருக்கிற ஊர்லயோ வேலை பார்க்கிற ஊர்லயோ புகார் கொடுக்கலாம். வக்கீல் கட்டாயம் இல்லை. இ-ஜாக்ரிதி தளத்துல ஆன்லைன்ல பதியலாம், வீடியோ வழியா விசாரணைக்கும் விண்ணப்பிக்கலாம்.

புகாரை ஏத்துக்கிட்டா எதிர்த்தரப்பு 30 நாளுக்குள்ள பதில் தரணும், அதிகபட்சம் இன்னும் 15 நாள் நீட்டிப்பு. சோதனை தேவைன்னா கேமராவை ஆய்வகத்துக்கு அனுப்ப ஆணையம் உத்தரவிடலாம், அதுக்கான கட்டணத்தை முதல்ல நீங்க கட்ட வேண்டி வரலாம். மூணு மாசம், சோதனை இருந்தா அஞ்சு மாசத்துக்குள்ள முடிக்க முயற்சி பண்ணணும்னு சட்டம் சொல்லுது. நடைமுறையில கூடுதலா ஆகும்னு மனசுல வெச்சுக்கங்க.

ஆணையம் குறையை நீக்கச் சொல்லலாம், மாத்தித் தரச் சொல்லலாம், விலையை வட்டியோட திருப்பச் சொல்லலாம், நஷ்ட ஈடும் செலவும் தரச் சொல்லலாம். எழுபதாயிரம் ரூபாய் கேமராவுக்குப் பத்து லட்சம் மன உளைச்சல்னு கேட்காதீங்க. கேமரா விலை, கட்டின வட்டி, போக்குவரத்து, வாடகைக்குக் கேமரா எடுத்திருந்தா அந்த பில், இப்படி காகிதம் உள்ள செலவையெல்லாம் முதல்ல வரிசையா போடுங்க.

கோபத்துல இஎம்ஐயை நிறுத்தாதீங்க

"பொருளே வேலை செய்யல, நான் ஏன் காசு கட்டணும்?" நியாயமான கோபம்தான். ஆனா உங்களுக்குக் கடன் கொடுத்தது பேங்க், கேமரா கொடுத்தது வேற ஆள். ரெண்டும் தனித்தனி ஒப்பந்தம். தம்பிக்கு மாசம் சுமார் 5,750 ரூபாய் இஎம்ஐ. அதை நிறுத்தினா கேமரா கம்பெனிக்கு ஒரு சேதமும் இல்லை. தாமதக் கட்டணமும் வட்டியும் தம்பி தலையில, கிரெடிட் ஸ்கோர் அடியும் அவனுக்கே. நாளைக்கு வீட்டுக் கடனுக்குப் போய் நிக்கும்போது, கேமரா பழுதாச்சுன்னு அங்க யாரும் கேட்க மாட்டாங்க.

கிரெடிட் கார்டுல வாங்கியிருந்தா, பழுதான பொருள்னு பேங்க்ல டிஸ்ப்யூட் பதிய முடியுமான்னு சீக்கிரமே கேளுங்க. அதுக்கும் காலக்கெடு உண்டு.

ரீஃபண்ட் வந்தாலும் வேலை முடியல. பணம் கார்டுக்கு வந்துடும், ஆனா இஎம்ஐ பாட்டுக்கு ஓடிக்கிட்டே இருக்கலாம். பேங்க்ல சொல்லி அந்த இஎம்ஐயை மூடச் சொல்லணும். நோ-காஸ்ட் இஎம்ஐன்னாலும் உள்ளே வட்டியும் அதுக்கு ஜிஎஸ்டியும் இருக்கும், பெரும்பாலும் அது திரும்ப வராது. ஸ்டேட்மென்ட்டைப் பார்த்துத் தொகையைக் குறிச்சு வையுங்க, நஷ்டக் கணக்குல சேர்க்கலாம்.

வாரண்டி முடிஞ்சு போச்சா?

முடிஞ்சாலும் ஒரு தடவை தேடிப் பாருங்க. ஒரே மாடல்ல நிறைய பேருக்கு ஒரே கோளாறு வந்தா, கம்பெனியே சர்வீஸ் அறிவிப்பு வெளியிட்டு இலவசமா சரிபண்ணும்.

2005-ல சோனி தயாரிச்ச ஒரு வகை சிசிடி சென்சார், வெப்பமும் ஈரப்பதமும் அதிகமான இடங்கள்ல பழுதாக ஆரம்பிச்சது. படம் கோணல்மாணலா வரும், இல்லைன்னா வரவே வராது. அதே சென்சாரை வாங்கிப் பொருத்தின கேனான், நிக்கான், ஃபியூஜிஃபிலிம் மாதிரி கம்பெனிகளும் சேர்ந்து, வாரண்டி முடிஞ்ச கேமராக்களையும் இலவசமா சரிசெஞ்சு கொடுத்தாங்க.

2012-ல வந்த நிக்கான் டி600 இன்னொரு உதாரணம். படங்கள்ல கரும்புள்ளி வருதுன்னு உலகம் முழுக்க புகார். 2013 பிப்ரவரியில கம்பெனி ஆலோசனைக் குறிப்பு வெளியிட்டது. 2014 பிப்ரவரியில, வாரண்டி முடிஞ்சிருந்தாலும் ஷட்டரை இலவசமா மாத்தித் தர்றோம்னு அறிவிச்சது. அடுத்த மாசமே, மார்ச் 15, உலக நுகர்வோர் உரிமைகள் தினத்தன்னிக்கு, சீன அரசுத் தொலைக்காட்சி இந்தப் பிரச்சினையை ஒளிபரப்பினது. அதுக்கப்புறம், பல தடவை சர்வீஸ் பண்ணியும் சரியாகாத கேமராக்களை மாத்தித் தர்றதாவும் நிக்கான் சொன்னது. பல தடவை சர்வீஸ் பண்ணினதை எப்படிக் காட்டுறது? திரும்பவும் ஜாப் ஷீட்தான்.

அதனால காசு கட்டுறதுக்கு முன்னாடி, உங்க மாடல் பேரோட சர்வீஸ் அறிவிப்பு ஏதாவது இருக்கான்னு கம்பெனி தளத்துல பாருங்க. சீரியல் நம்பர் போட்டுப் பார்க்கிற வசதி பெரும்பாலும் இருக்கும்.

தம்பி கேமரா என்ன ஆச்சு?

அன்னிக்கு ராத்திரி நான் அவனுக்குப் பணம் கொடுக்கல. ரெண்டு பேரும் உட்கார்ந்து மேல சொன்ன மெயிலை எழுதினோம். அஞ்சாவது நாள் "எங்கள் டெக்னீஷியன் கருத்துப்படி திரவ சேதம்"னு ஒரு வரிப் பதில் வந்தது. போட்டோ இல்லை. எட்டாவது நாள் கம்பெனி குறைதீர் பிரிவுக்கு ஜாப் ஷீட்டையும் அந்த வாட்ஸ்அப் போட்டோவையும் இணைச்சு ரெண்டாவது மெயில். பதிலே இல்லை. 16-வது நாள் 1915-ல பதிஞ்சோம். அதுக்குப் பத்து நாள் கழிச்சுக் கம்பெனியில இருந்து ஒருத்தர் பேசினார். வேற டெக்னீஷியனை வெச்சுத் திரும்பப் பார்க்கிறோம்னார். மெயின் போர்டுல கோளாறு, தண்ணி போன அடையாளம் இல்லைன்னு எழுத்துல வந்தது. போர்டை இலவசமா மாத்திக் கொடுத்தாங்க. முதல் மெயில்ல இருந்து கேமரா கைக்கு வர 44 நாள் ஆச்சு.

புதுக் கேமரா கொடுத்தாங்களா? இல்லை. நஷ்ட ஈடு? இல்லை. அதுக்குள்ள திருக்கடையூர் விசேஷமும் முடிஞ்சுபோச்சு. சித்தப்பா, சித்தி மாலை மாத்தினதை அவன் போன்லதான் எடுத்தான். இன்னிக்கும் அதைச் சொன்னா அவன் முகம் வாடும். அந்த நாளை எந்த ஆணையமும் திருப்பித் தர முடியாது. முதல் வாரமே அரை மணி நேரம் ஓடவிட்டுப் பார்த்திருந்தா அப்பவே தெரிஞ்சிருக்குமோ என்னவோ.

ஆனா 31,400 ரூபாய் அவன் கையில இருந்து போகல. என்கிட்ட கடனும் வாங்கல. இஎம்ஐ ஒண்ணுகூடத் தவறல. பில் அவன் பேர்ல இருந்ததால, புகார் கொடுக்க நீ யாருன்னு ஒருத்தரும் கேட்கல. 10,500 ரூபாய்க்கு என்கிட்ட கோவிச்சுக்கிட்டதை அவனே இப்போ சொல்லிச் சிரிக்கிறான்.

இன்னிக்கு ராத்திரி ஒரு பத்து நிமிஷம் ஒதுக்குங்க. கடந்த ரெண்டு வருஷத்துல நீங்க வாங்கின பெரிய பொருட்களோட பில், வாரண்டி கார்டு, சீரியல் நம்பர் போட்டோ எல்லாத்தையும் போன்ல ஒரே ஃபோல்டர்ல போடுங்க. வாரண்டி முடியறதுக்கு ஒரு மாசம் முன்னாடி ஒரு ரிமைண்டர் வையுங்க. சின்னச் சின்னக் கோளாறு இருந்தா, அந்த மாசத்துக்குள்ள சர்வீஸ் சென்டருக்குப் போயிட்டு வந்துடலாம். போனா ஜாப் ஷீட் இல்லாம திரும்பாதீங்க.